அம்மா அதே அறையில்தான் இருந்தார்

ரேச்சல் டென்ஹாலண்டருக்கு அப்போது 15 வயது. ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடி ஆடி முதுகும் மணிக்கட்டும் ஓயாமல் வலித்தன. 2000ஆம் ஆண்டில் அவருடைய அம்மா அவரை மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவர் லேரி நாசரிடம் அழைத்துப் போனார். சிகிச்சை நடந்த அறையிலேயே அம்மாவும் உட்கார்ந்திருந்தார். அவர் பார்வைக்கு மறையும்படி நாசர் நின்றுகொண்டார். தாயிடம் பேச்சுக் கொடுத்தபடியே, சிகிச்சை என்ற பெயரில் மகளிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார். ஒருநாளோடு இது நிற்கவில்லை.

அந்தச் சிறுமி அப்போது போட்ட கணக்கைப் பின்னாளில் நீதிமன்றத்தில் விளக்கினார். இந்த மருத்துவர் எல்லோருக்கும் இதைத்தான் செய்கிறார் என்று தெரிகிறது. அப்படியென்றால் பல்கலைக்கழகத்துக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்துக்கும் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் விட்டுவைத்திருக்கிறார்கள் என்றால் இது முறையான சிகிச்சையாகத்தான் இருக்க வேண்டும். 15 வயதுக்கு மிகச் சரியான தர்க்கம்தான். முதல் பாதி உண்மையாகவும் இருந்தது. அதற்குள் சிலருக்குத் தெரிந்திருந்தது.

குழந்தைகளுக்கு நாம் சொல்லித் தருவதெல்லாம் முன்பின் தெரியாதவர்களைப் பற்றித்தான். மிட்டாய் கொடுத்தால் வாங்காதே, கூப்பிட்டால் போகாதே என்கிறோம். விளையாட்டுக் களத்தில் குழந்தைகளைச் சீரழித்தவர்களின் வரலாற்றைப் புரட்டினால், அவர்கள் முதலில் வளைத்துப் போட்டது குழந்தைகளை அல்ல, பெரியவர்களை. பெற்றோர், சக பயிற்சியாளர், சங்கச் செயலாளர், கல்லூரி டீன், சில நேரம் போலீஸ்காரர். குழந்தையின் முறை கடைசியில்தான் வருகிறது. அதற்குள் அந்தக் குழந்தை ஓடிச்சென்று சொல்லக்கூடிய எல்லாக் கதவுகளும் உள்ளிருந்து சாத்தப்பட்டிருக்கும். நாசர் வழக்கை ஒரு கொடியவனின் கதையாகப் படிப்பதைவிட, அந்தக் கதவுகள் எப்படிச் சாத்தப்பட்டன என்று படிப்பது பயன் தரும்.

நாசர் 1986இல் ஒரு சாதாரண உதவியாளராக அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்தில் நுழைந்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் கணுக்கால் முறுக்கிக்கொண்ட நிலையிலும் தாவி இறங்கிய, தங்கம் வென்ற அணியின் கெர்ரி ஸ்ட்ரக்கைப் பலருக்கும் நினைவிருக்கும். அன்று அவருக்கு அருகில் இருந்த மருத்துவர் நாசர். அதே ஆண்டு தேசிய மருத்துவ ஒருங்கிணைப்பாளர் ஆனார். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகப் பணி. அவருடைய மருத்துவ அறைச் சுவர் முழுக்க ஒலிம்பிக் வீராங்கனைகள் கையெழுத்திட்டுத் தந்த படங்கள். மகளின் முதுகுவலியோடு வந்து உட்காரும் ஒரு தாய் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். இப்படிப்பட்டவரிடம் நேரம் கிடைத்ததே பாக்கியம் என்று தோன்றாமல் என்ன செய்யும்?

வீராங்கனைகள் அவரிடம் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் வேறு. டெக்சஸ் மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் ஊருக்கு அருகே, காட்டுப் பகுதிக்குள் இருந்தது கரோலி தம்பதியின் பண்ணை. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை நாடியா கொமனேச்சியை உருவாக்கிய, ருமேனியாவிலிருந்து 1981இல் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்த அதே பேலா, மார்த்தா கரோலி. தேசிய அணியின் பயிற்சி முகாம்கள் அங்கேதான் நடந்தன. பெற்றோருக்கு அனுமதி கிடையாது. கைபேசிக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்காது. எடையும் சாப்பாடும் எப்போதும் கண்காணிப்பில். அடிபட்டால் அழக்கூடாது, வலிக்கிறது என்று சொன்னால் பட்டியலில் பெயர் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் சிரித்துப் பேசி, யாருக்கும் தெரியாமல் சாக்லேட்டும் பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்தவர் நாசர் ஒருவர்தான். சிறுமிகள் தங்கிய அறைகளிலேயே, அவர்கள் படுக்கையிலேயே சிகிச்சை நடந்தது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கத்திக்கொண்டே இருக்கும் பயிற்சியாளர்கள் தங்களுக்கே தெரியாமல் அந்த மருத்துவருக்கு வேலை செய்தார்கள். குழந்தையைப் பயத்தில் வைத்திருக்கும் களம், அன்பு காட்டுவதுபோல் நடிக்கும் முதல் ஆளிடம் அந்தக் குழந்தையை ஒப்படைத்துவிடுகிறது. கண்டிப்பான கோச் என்பதைப் பெருமையாகச் சொல்லும் நம் பெற்றோர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

பிள்ளைகள் சொல்லவே இல்லை என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. 1997இலேயே லாரிசா பாய்ஸ் என்ற 16 வயதுப் பெண் பல்கலைக்கழகத்தின் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளரிடம் சொன்னார். நீ தவறாகப் புரிந்துகொண்டிருப்பாய் என்ற தொனியில் பேசி அனுப்பிவிட்டார்கள் என்கிறார் அவர். பிறகும் அதே மருத்துவரிடமே அவர் சிகிச்சைக்குப் போக நேர்ந்தது.

2004இல் இரண்டு சம்பவங்கள். குடும்ப நண்பரின் மகளான கைல் ஸ்டீபன்ஸ் தன் பெற்றோரிடம் சொன்னார். நாசர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து மறுத்தார். பெற்றோர் நண்பரை நம்பினார்கள், மகளை நம்பவில்லை. அதே ஆண்டு 17 வயதுப் பெண் ஒருவர் மெரிடியன் டவுன்ஷிப் போலீசில் புகார் கொடுத்தார். இங்கே நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும். விசாரணை அதிகாரியிடம் நாசர் ஒரு பவர்பாயின்ட் விளக்கக்காட்சியைக் கொடுத்தார். தசைநார்கள், இடுப்பெலும்பு, இன்ன இடத்தில் இன்ன அழுத்தம் என்று மருத்துவச் சொற்கள் நிறைந்த ஸ்லைடுகள். அதிகாரி வேறு எந்த மருத்துவரிடமும் கருத்துக் கேட்கவில்லை. வழக்கு அரசு வழக்கறிஞர் மேசைக்குப் போகாமலே மூடப்பட்டது. அந்த உள்ளாட்சி நிர்வாகம் 2018இல் அந்தப் பெண்ணிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. குற்றம் சாட்டப்பட்டவரே நிபுணர் சாட்சியாகவும் ஆகிவிட்ட விசாரணை அது.

2014இல் அதே கூத்து இன்னும் பெரிய அளவில் நடந்தது. அமாண்டா தாமஷோ என்ற பட்டதாரிப் பெண் பல்கலைக்கழகத்திடம் முறையிட்டார். விசாரணை நடந்தது, நான்கு மருத்துவ நிபுணர்களிடம் கருத்தும் கேட்டார்கள். நால்வருமே அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், நாசரோடு தொடர்புள்ளவர்கள். நடந்தது பாலியல் நோக்கம் கொண்டதல்ல, முறையான சிகிச்சையே என்று முடிவானது. புகார் கொடுத்தவருக்கு ஒரு வடிவத்திலும் பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு வடிவத்திலும் அறிக்கை போனது. பல்கலைக்கழகத்துக்குப் போனதில், இந்த மருத்துவரின் முறை நோயாளிகளுக்கு மன உளைச்சல் தருகிறது, நிறுவனத்துக்கும் வம்பு என்ற எச்சரிக்கை இருந்தது. புகார் கொடுத்தவருக்குப் போனதில் அது இல்லை.

அதன்பின் டீன் வில்லியம் ஸ்ட்ராம்பெல் சில நிபந்தனைகள் விதித்தார். உடலின் அந்தரங்கப் பகுதிகளுக்கு அருகே சிகிச்சை என்றால் அறையில் இன்னொருவர் இருக்க வேண்டும். தோலோடு தோல் படுவதைக் குறைக்க வேண்டும். நோயாளிக்கு முன்கூட்டியே விளக்க வேண்டும். நல்ல நிபந்தனைகள்தான். ஆனால் மருத்துவமனையில் கூட வேலை பார்த்தவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவிக்கப்படவில்லை. கண்காணிக்க யாரையும் வைக்கவில்லை. விதியை மீறக்கூடிய ஆளிடமே விதியைக் காப்பாற்றும் பொறுப்பையும் கொடுத்தாயிற்று. நாசர் மேலும் இரண்டாண்டு அங்கேயே நோயாளிகளைப் பார்த்தார். பின்னாளில் டீனுக்குக் கடமை தவறியதற்காகவும் பதவியைத் தவறாகப் பயன்படுத்தியதற்காகவும் ஓராண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. பேப்பரில் மட்டும் இருக்கும் பாதுகாப்பு விதி, இல்லாததைவிட மோசம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏற்பாடு செய்தாகிவிட்டது என்ற நிம்மதியை அது மேலிருப்பவர்களுக்குத் தந்துவிடுகிறது.

2015 ஜூனில் தேசிய அணி வீராங்கனை மேகி நிக்கல்ஸ் தோழியிடம் பேசிக்கொண்டிருந்தது அவருடைய பயிற்சியாளர் சாரா ஜான்ட்சியின் காதில் விழுந்தது. அவர் உடனே சங்கத்துக்குச் சொன்னார். இந்த நெடுங்கதையில் காதில் விழுந்ததைத் தட்டிக்கழிக்காத அரிதான மனிதர்களில் ஒருவர் அவர். சங்கம் தனியார் விசாரணையாளரை வைத்துக் கேட்டுவிட்டு, ஐந்து வாரம் கழித்து எஃப்பிஐயிடம் போனது. நாசர் ஏன் முகாமுக்கு வரவில்லை என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேறு காரணம் தயாரானது. அவர் சொந்த விருப்பத்தில் ஓய்வு பெற்றதுபோல் வெளியேறினார். பல்கலைக்கழகத்துக்கு யாரும் சொல்லவில்லை.

எஃப்பிஐ செய்தது அதைவிட மோசம். இண்டியானாபொலிஸ் அலுவலகம் மெக்கெய்லா மரோனி என்ற ஒரே ஒரு வீராங்கனையிடம் தொலைபேசியில் பேசியது. அந்தப் பேச்சை முறைப்படி எழுதி வைக்கவே ஓராண்டுக்கு மேல் ஆனது. எழுதியதிலும் அவர் சொல்லாதவை இருந்தன. அந்த அலுவலகத்தின் தலைமை அதிகாரி, இதே காலத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத் தலைவரோடு ஒலிம்பிக் கமிட்டியில் தனக்கு ஒரு வேலை கிடைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் வெளிக்கொண்டுவந்தது அமெரிக்க நீதித்துறைக் கண்காணிப்பாளரின் 2021 ஜூலை அறிக்கை. புகார் எஃப்பிஐ கைக்கு வந்த பிறகு மட்டும் சுமார் 70 அல்லது அதற்கும் மேற்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டார்கள் என்று அது கணக்கிட்டது. இந்த அலட்சியத்துக்காக 2024 ஏப்ரலில் அமெரிக்க அரசு 13 கோடியே 87 லட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

கடைசியில் கதவைத் திறந்தது ஒரு பத்திரிகை. 2016 ஆகஸ்ட் 4 அன்று ‘இண்டியானாபொலிஸ் ஸ்டார்’ ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. அதில் நாசர் பெயரே இல்லை. விஷயம் வேறு. ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் 50க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள்மீது வந்த புகார்களைக் கோப்பில் போட்டு வைத்திருந்தது. பாதிக்கப்பட்டவரோ பெற்றோரோ கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஒழிய அவற்றைக் காதுவழிச் செய்தி என்று ஒதுக்குவது அதன் வழக்கம். இத்தனைக்கும் சங்கத்தின் தலைமையகம் இருக்கும் இண்டியானா மாநிலச் சட்டப்படி, குழந்தை துன்புறுத்தப்படுவதாக நம்பக் காரணம் உள்ள எவரும் அதைத் தெரிவித்தாக வேண்டும். அந்தக் கட்டுரையைப் படித்த அன்றே டென்ஹாலண்டர் பத்திரிகைக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அதற்குள் அவர் சட்டம் படித்திருந்தார், மூன்று குழந்தைகளுக்குத் தாய். தன் மருத்துவக் குறிப்புகளோடு போலீசுக்குப் போனார்.

பிறகு நடந்தது உலகம் அறிந்தது. 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் ஏழு நாட்கள், 150க்கும் மேற்பட்ட பெண்கள் எழுந்து பேசினார்கள். 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறை. பல்கலைக்கழகம் 50 கோடி டாலர் இழப்பீடு தந்தது.

இது பெண் பிள்ளைகளின் பிரச்சினை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் க்ரூ அலெக்சாண்ட்ரா கால்பந்து அணிக்காகச் சிறுவர்களைத் தேர்ந்தெடுத்த பேரி பென்னல் பல ஆண்டுகள் பையன்களைச் சீரழித்தான். அவன் வீட்டில் விளையாட்டு இயந்திரங்களும் செல்லக் குரங்கும் இருந்தன. வார இறுதியில் பையன்கள் அங்கே தங்குவது வழக்கம், பெற்றோர் சந்தோஷமாக அனுப்பினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரான ஆண்டி வுட்வர்டின் அக்காவையே அவன் திருமணம் செய்துகொண்டான். வுட்வர்டு 2016 நவம்பரில் பெயர் சொல்லிப் பேசிய பிறகு நூற்றுக்கணக்கானோர் முன்வந்தார்கள். 2021இல் வந்த ஷெல்டன் அறிக்கை, 1995 முதல் 2000 வரை கால்பந்துச் சங்கம் மிக மெதுவாக நடந்துகொண்டதைப் பதிவு செய்தது. ஆண்பிள்ளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்ற எண்ணம் நம் ஊரில் அதைவிட ஆழம். ஹாஸ்டலில் தங்கிக் கபடியோ கால்பந்தோ பழகும் பையனிடம் இதைப் பற்றிப் பேசும் அப்பாக்கள் எத்தனை பேர்?

விளையாட்டுக்கென்று சில தனி வசதிகள் குற்றவாளிக்குக் கிடைக்கின்றன. உடலைத் தொடுவது அங்கே வேலையின் பகுதி. கையைப் பிடித்து நிலையைத் திருத்தாமல் ஜிம்னாஸ்டிக்ஸோ நீச்சலோ கற்றுத்தர முடியாது. தசைப்பிடிப்புக்கு அழுத்திவிடுகிறேன் என்றால் யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை. வெளியூர்ப் போட்டிக்கு ரயிலில் போகும்போது பெற்றோர் உடன் வருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அணியில் யார் இருப்பது என்பது பெரும்பாலும் ஒருவர் கையில். தமிழ்நாட்டில் இந்த ஒருவருக்குக் கூடுதல் எடை உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட்டு, பிறகு ரயில்வேயிலோ போலீசிலோ வேலை என்று ஒரு குடும்பத்தின் கனவு முழுவதும் அவர் போடும் ஒரு கையெழுத்தில் தொங்கும். காலை ஐந்து மணிக்கு மகளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து மைதானத்தில் விடும் அப்பா, “எல்லாம் சார் பாத்துக்குவாரு” என்று சொல்வது சோம்பேறித்தனத்தால் அல்ல. நன்றி கலந்த இயலாமை அது.

2021 மே மாதம் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில் கைதானார். ஒருவர் புகார் கொடுத்ததும் மற்றவர்கள் துணிந்து வந்தார்கள். காயத்துக்குச் சிகிச்சை தருவதாகச் சொல்லி அத்துமீறினார் என்பதே குற்றச்சாட்டு. மிச்சிகனிலும் சென்னையிலும் அதே சாக்கு.

அமெரிக்காவில் 2017இல் ‘சேஃப்ஸ்போர்ட்’ என்ற தனி மையம் தொடங்கப்பட்டது. 2018 பிப்ரவரியில் வந்த சட்டம், விளையாட்டு அமைப்புகளில் குழந்தைகளோடு பணிபுரியும் பெரியவர்கள் சந்தேகம் எழுந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றது. அடுத்து வந்த விதிமுறைகளில் எனக்குப் பிடித்தது அவற்றின் சாதாரணத்தன்மை. பயிற்சியாளரும் குழந்தையும் தனியாக இருக்க நேர்ந்தால் மற்றவர்கள் பார்க்கக்கூடிய, குறுக்கிடக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். மசாஜோ பிசியோ சிகிச்சையோ மூடிய அறையில் கூடாது, இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். குழந்தைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக்கூடாது, பெற்றோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டலில் ஒரே அறை கூடாது. இதில் எதற்கும் யார்மீதும் சந்தேகப்படத் தேவையில்லை. பயிற்சியாளர் தங்கமான மனிதரா என்று தீர்ப்புச் சொல்லும் சுமை பெற்றோருக்கு இல்லை. நாசர் விஷயத்தில் எல்லோரும் தடுக்கி விழுந்தது அந்தத் தீர்ப்பில்தான்.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள், குழந்தைகளோடு தொடர்ந்து தொடர்பில் இருக்கும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களைப் பற்றி அவ்வப்போது போலீஸ் வெரிஃபிகேஷன் செய்ய வேண்டும் என்கின்றன; அந்தப் பட்டியலில் விளையாட்டு அகாடமிகள் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளன. மாநகராட்சி மைதானத்தின் ஒரு மூலையில் மாலை நேரத்தில் விசில் ஊதும் எத்தனை அகாடமிகளுக்கு இது தெரியும் என்பது ஒருபக்கம். தெரிந்து செய்தாலும் எட்டும் தூரம் குறைவு. 2016க்கு முன் எந்த நாளில் நாசருக்கு வெரிஃபிகேஷன் செய்திருந்தாலும் சான்றிதழ் சுத்தமாக வந்திருக்கும். பழைய தண்டனை உள்ளவனை அது பிடிக்கும். இன்னும் பிடிபடாதவனைப் பிடிக்காது. சேஃப்ஸ்போர்ட் மையமே வேலைக்கு எடுத்த ஒரு முன்னாள் போலீஸ்காரர், முந்தைய பணிக்காலத்தில் செய்ததாகச் சொல்லப்படும் திருட்டு, பாலியல் வன்புணர்வுக் குற்றச்சாட்டுகளில் கைதானார். 2025 ஏப்ரலில் மையத்தின் தலைமை நிர்வாகி பதவி இழந்தார். எனவே அகாடமியில் சேர்க்கும்போது சான்றிதழோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை வேறு. காயம் பட்டால் யார் தொடுவார்கள், எந்த அறையில், கதவு திறந்திருக்குமா? வெளியூர்ப் போட்டியில் யார் எந்த அறையில் தங்குவார்கள்? இரவில் பிள்ளையின் கைபேசிக்கு யார் செய்தி அனுப்பலாம்? புகார் என்றால் அந்தப் பயிற்சியாளரைத் தவிர வேறு யாரிடம் போவது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத அகாடமிகள் ஏராளம், ஏனென்றால் நடத்துபவரும் பயிற்சியாளரும் ஒரே ஆள்.

அந்த இடத்தில் நம் சட்டம் எதிர்பாராத அளவு வலுவாக இருக்கிறது. குழந்தையின் நம்பிக்கையைப் பெற்ற அல்லது அதன்மீது அதிகாரம் உள்ள நிலையில் இருப்பவர் செய்யும் குற்றத்தைப் போக்சோ தனியாக, கூடுதல் தண்டனைக்குரியதாக வைக்கிறது. அதன் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது என்று தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் உள்ளவரும் உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சிறார் காவல் பிரிவிலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. அமெரிக்கச் சங்கம் கேட்டதுபோல் பெற்றோரின் கையெழுத்து இதற்குத் தேவையில்லை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்குப் போடவும் முடியாது. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததைத் தெரிந்தும் மறைத்தால் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு ஒரு மைதானக் காவலாளியும் அழைக்கலாம், அதே அணியில் ஆடும் 14 வயதுத் தோழியும் அழைக்கலாம்.